முழுவதும் மஞ்சளான ஒரு போஸ்ட்காட்

1

அன்றைக்கு விறாந்தையில் இருந்த ஆக்களை முதலில் சொல்கிறேன்.

தங்கச்சி தவமணி. கையில் தட்டம்.

அவளுடைய மனுசன் சிவபாதம். எனக்கு மச்சான். தோட்டத்தால் வந்து கால் கழுவினபடி நின்றார்.

அவர்களுடைய ஒரே பெடியன் மயூரன். முப்பது வயது. கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

பக்கத்து வீட்டு இராசம்மாக்கா. ஏதோ சட்டி கேட்டு வந்தவ. சட்டி கையில் இருந்தது. போகவில்லை.

என் மனுசி. பிளேன் களைப்பு முகத்தில்.

நான்.

என் மகள் அபி இல்லை. அவள் சுவிசில். அடுத்த கிழமைதான் வர இருந்தவள்.

நாங்கள் சண்டிலிப்பாய்க்கு வந்து இறங்கி ஒரு மணித்தியாலம் இருக்கும். ஆடி மாதத்தில் வரும் அம்மாவின் திவசத்துக்காக வந்தோம். அப்படித்தான் நான் நினைத்தேன்.

தங்கச்சி தட்டத்தை நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, கதலிப்பழம். அதற்கு மேலே ஒரு கல்யாணக் காட்.

"பிள்ளையாருக்கு ஒண்டு வைச்சம். அடுத்தது தாய்மாமனுக்கு எண்டு எடுத்து வைச்சது. எடுங்கோ அண்ணை."

எடுத்தேன். மேலே சிவப்பாக ஒரு பட்டை. கீழே முழுக்க மஞ்சள். சிவப்பும் மஞ்சளும் சேருகிற இடத்தில் புகை மாதிரி. அதை நான் அறிவேன். சுவிசில் என் சம்பளத்து வேலை அந்தப் படத்துக்கு முன்னால்தான். இப்போது சிவப்புக்குள் ஒரு பிள்ளையார் இருந்தார். இரண்டு பக்கமும் தங்க நிறத்தில் குத்துவிளக்கு.

திறந்தேன். மாப்பிள்ளை மயூரன். பெண் அபிராமி. பெண்ணின் தகப்பன் பேர் என்னுடையது. ஆவணிக் கடைசியில் நாள்.

"எப்பிடி?" என்றார் மச்சான். "உங்கடை படத்தையே போட்டிட்டம். டவுணிலை பிரிண்டிங்காரன் கேட்டான், உது எந்த ஊர் டிசைன் எண்டு. சுவிசிலை இருந்து பெண்வீட்டார் அனுப்பினது எண்டன்."

"வடிவு," என்றா இராசம்மாக்கா. "மங்களமாக் கிடக்கு."

 தட்டத்தை வாங்கினேன்.

எங்களுடைய ஊரில் தட்டத்தை வாங்கினால் வாங்கினதுதான்.

2

நான் எட்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு படிக்கிற காலமாக இருக்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவிசில் ஒரு ஓவியக்கூடத்தில் கூட்டித் துடைக்கிறேன். பேர் தேவையில்லை. முதல் மாடியில் எனக்கு இரண்டு மண்டபம். யன்னல் இல்லை. வெயில் பட்டால் படம் மங்குமாம். காலமை இருட்டோடு உள்ளே போனால் மழையா பனியா என்று வெளியே வரும்போதுதான் தெரியும்.

அந்த இரண்டு மண்டபத்திலும் ஆள் படம் இல்லை. மரம், மாடு, வீடு ஒன்றும் இல்லை. ஒரு சுவர் அளவுக்குச் சீலை. அதில் சாயத்தை வாளியால் ஊத்தினது போல ஒன்று. தெளித்தது போல ஒன்று. கறுப்பைப் பெரிய தும்பு பிரஷ்ஷால் இழுத்தது போல ஒன்று. கீறினவர்கள் அமெரிக்காக்காரர். எல்லாரும் செத்துப்போனார்கள்.

படத்துக்கு முன்னால் நிலத்தில் ஒரு கோடு இருக்கும். கோட்டைத் தாண்டினால் பீப் என்று கத்தும். துடைக்கிற எனக்கும் கத்தும். முதல் கிழமை நான் கத்த வைத்தேன். காவல்காரன் ஓடி வந்தான். நான் அந்த ஊர் டொச்சுப் பாஷையில் மன்னிப்பு என்று சொல்வதற்குப் பதிலாக நன்றி என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். இப்போதும் என்னைக் கண்டால் "நன்றி" என்பான்.

ஒருநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தா. விளங்கப்படுத்துகிறவ. நான் மூலையில் நின்றேன். பிள்ளைகளிடம் கேட்டா, என்ன தெரிகிறது என்று. ஒரு பிள்ளை நெருப்பு என்றது. ஒன்று தக்காளிச் சோஸ் என்றது. ஒன்று, ஒன்றும் இல்லை என்றது. எல்லாம் சரி என்றா அவ. இதில் ஒருவரும் பிழை விட ஏலாது என்றா.

நல்ல வேலை என்று நினைத்தேன்.

கீழே கடை இருக்கிறது. அங்கே இந்தப் படங்களைப் போஸ்ட்காட் அடித்து விற்பார்கள். மூலை மடிந்தது, கீறல் பட்டது விற்க ஏலாது. அதையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு வேலையாட்களுக்கு விடுவார்கள். அதில் நான் மாதம் ஒன்று எடுப்பேன். பின்பக்கத்தில் "எல்லோரும் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல்" என்று எழுதுவேன். தங்கச்சிக்கு அனுப்புவேன்.

ஃபோன் இருக்கும்போது ஏன் காட் என்று மனுசி கேட்பா. எனக்குக் கதைக்க வராது. ஃபோனில் தங்கச்சி கதைப்பாள், நான் ஓம் சொல்வேன். காட்டில் ஓம் சொல்லத் தேவையில்லை.

அதற்கு முதல் சாதாரணக் காட்தான் அனுப்பினேன். பனிமலை, குளம், மணி கட்டின மாடு. தங்கச்சி அவற்றை விறாந்தையில் குத்தி வைத்தாள். வந்து பார்த்தவர்கள் விடவில்லை. ஒருத்தர் தன்னுடைய மகனுக்கு அங்கே வேலை பார்க்கச் சொன்னார். ஒருத்தன் ஃபோன் எடுத்து, நீர் மட்டும் போய் மலைக்குப் பக்கத்திலே வீடு கட்டியிருக்கிறீர் என்றான். நான் அந்த மலைக்குப் போனதில்லை. எங்களுடைய வீட்டு யன்னலால் பார்த்தால் பஸ் கராச் தெரியும்.

அதனால்தான் இந்தக் காட்டுக்கு மாறினேன். இதில் பொறாமைப்பட ஒன்றும் இல்லை. இதைப் பார்த்து ஒருத்தரும் ஒன்றும் கேட்க ஏலாது.

3

ஒரு பிழை வந்தது. அதைச் சொல்லாவிட்டால் மஞ்சள் விளங்காது.

இந்தக் காட் அனுப்பத் தொடங்கின புதிதில் ஒரு கறுப்பு எடுத்தேன். வெள்ளையில் கறுப்புப் பட்டைகள். எனக்கு அது மண்டபத்தில் பிடித்த படம். துடைத்து முடிந்தால் அதற்கு முன்னால்தான் குனிந்து நொந்த நாரியை நிமிர்த்துவேன். அனுப்பினேன்.

இரண்டு கிழமையால் ஃபோன். தங்கச்சி குழறி அழுகிறாள். பின்னால் அம்மா குழறுகிறா. அப்போது அம்மா இருந்தா.

"ஆர் அண்ணை? ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை."

"அப்ப ஏன் கறுப்பு?"

எங்களுடைய ஆக்களுக்குத் தெரியும். கல்யாணக் கடிதம் என்றால் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவித்தான் அனுப்புவார்கள். செத்தவீட்டுக் கடிதத்துக்கு மூலை கறுப்பு. தபால்காரன் படலையில் நின்று நீட்டும்போதே மூலையைப் பார்த்து விளங்கிவிடும். வாசிக்கத் தேவையில்லை. இப்போது எல்லாம் ஃபோன். என்றாலும் அந்தக் கண் போகவில்லை. என்னுடைய காட்டில் மூலை மட்டுமில்லை, நடுவும் கறுப்பு. தபால்காரன் தங்கச்சியைக் கதிரையில் இருத்திவிட்டுத்தான் கொடுத்தானாம்.

"இனிமேல் கறுப்பு அனுப்பாதையுங்கோ அண்ணை."

"சரி," என்றேன்.

அனுப்பவில்லை. பச்சை, நீலம், செம்மண் நிறம், வெள்ளை. பெட்டியில் கறுப்பு மட்டும் கிடந்தால் அந்த மாதம் விட்டுவிடுவேன்.

நான் கறுப்பைத் தவிர்த்தேன். அவ்வளவுதான். தங்கச்சி அப்படி எடுக்கவில்லை. அண்ணைக்கு இப்போது விளங்கிவிட்டது, நிறம் பார்த்து அனுப்புகிறார் என்று எடுத்தாள். அது எனக்கு இந்த ஆடியில்தான் தெரிந்தது.

4

தங்கச்சி என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. நான் போன காலத்தில் இருந்து அம்மாவைப் பார்த்தது அவள். இடம்பெயரும்போது அம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டினது அவள். அம்மா படுத்த நேரம் எனக்குக் கையில் இருந்தது, அந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் வெளியே போனால் திரும்ப ஏலாது என்கிற காட். அதை வைத்துக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக நடந்தேன். ஒரு கந்தோரில், அம்மாவுக்கு எவ்வளவு கடுமை என்று டொக்டரிடம் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் வந்தது. அதை டொச்சில் மாற்றச் சொன்னார்கள். மாற்றி முடிய அம்மா முடிந்தா. தங்கச்சி எல்லாம் செய்தாள். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

கேட்டது ஒன்றே ஒன்று. இந்த மாசியில், வீடியோவில்.

"அண்ணை, எங்கடை மயூரனுக்கு அபியைக் கேக்கிறன். குறிப்பு பாத்திட்டம். நல்லாப் பொருந்துது."

அபியின் குறிப்பு அவளிடம்தான் இருந்தது. அபி பிறந்த நேரம் அம்மா எழுதுவித்தது.

அன்றைக்கு அபியும் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வேறு நகரத்தில் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாள். தங்கச்சி கேட்ட நேரம் குசினியில் நின்றாள், கேட்கவில்லை. பிறகு ஃபோனுக்கு முன்னால் வந்து, "மாமி, நீ சாப்பிட்டியா?" என்றாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஓமடி, நான் சாப்பிட்டன், நீங்கள் சாப்பிட்டியளோ?" என்று தங்கச்சி மாற்றிச் சொன்னாள். அபிக்கு என்ன சிரிப்பு என்று விளங்கவில்லை. டொச்சில் தாயிடம் கேட்டாள்.

நான் தங்கச்சிக்குச் சொன்னேன், "யோசிச்சு எழுதுறன்."

யோசித்தேன். அபியிடம் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று யோசித்தேன். அவள் வந்த அடுத்த ஞாயிறு, சாப்பாடு முடிந்து, கேட்க வாயெடுத்தேன். அவள் ஃபோனில் ஏதோ பார்த்துச் சிரித்தாள். விட்டுவிட்டேன்.

அந்த மாதம் பெட்டியில் கிடந்தது ஒரே ஒரு காட். மூலை மடிந்தது. மேலே சிவப்பு, கீழே மஞ்சள். எடுத்து எழுதினேன். "எல்லோரும் சுகம். அம்மாவின் திவசத்துக்கு வாறம். மற்றதைப் பிறகு எழுதுறன்."

மடிந்த மூலையில் பேனை பட்டு மை பரவிவிட்டது. கடைசி வரி தங்கச்சிக்கு வாசிக்க ஏலவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

சித்திரையில் அவள் ஃபோன் எடுத்தாள். குரலே வேறு.

"காட் கிடைச்சுது அண்ணை. எனக்குத் தெரியும் நீங்கள் கைவிடமாட்டியள் எண்டு. இனி எல்லாம் நாங்கள் பாக்கிறம். நீங்கள் வந்தால் காணும்."

திவசத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"ஓம்," என்றேன்.

5

தட்டத்தை வாங்கின அன்றைக்கு மனுசியை அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டேன், உமக்குத் தெரியுமோ என்று.

"தெரியும்தானே," என்றா. "மச்சாள் எனக்குச் சாறியின்ரை படம் எல்லாம் அனுப்பினவ. நீங்களும் அபியும் கதைச்சு முடிச்சிட்டியள் எண்டு நினைச்சன்."

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீங்கள் எனக்கு எதைத்தான் சொல்லிப்போட்டுச் செய்தனீங்கள்? இந்த வேலை எடுத்ததையே சம்பளம் வந்தாப் பிறகுதானே சொன்னனீங்கள்."

அது உண்மை.

 பிறகு, "பெடியன் நல்ல பெடியன் அப்பா. செய்தால் என்ன குறை?" என்றா.

அபிக்கு ஃபோன் எடுத்தேன். சொன்னேன். அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. மயூரன் ஒருநாள் அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தாமரைப் பூ அனுப்பியிருக்கிறான். இவள் பெருவிரலை உயர்த்திப் போட்டு விட்டிருக்கிறாள். அதையும் தங்கச்சி வீட்டில் சம்மதம் என்று எடுத்திருக்கிறார்கள்.

"அப்பா, எனக்கு அவரைத் தெரியாது. நல்ல ஆளா இருக்கலாம். எனக்கு வேண்டாம்."

"நீ மாமிக்குச் சொல்லுறியோ?"

"இல்லை. நீங்கள் சொல்லுங்கோ. எப்பவும் நீங்கள் ஒண்டும் சொல்லுறேல்லை. இதை நீங்கள்தான் சொல்லவேணும். சொன்னாப் பிறகுதான் நான் பிளேன் ஏறுவன்."

வைத்துவிட்டாள்.

வேண்டாம் என்று சொன்னால் தங்கச்சி இல்லை. சொல்லாவிட்டால் மகள் இல்லை. நடுவில் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று நாள் அந்த வீட்டில் இருந்தேன். எங்கே திரும்பினாலும் கல்யாணம். மதிலுக்குப் புதுச் சுண்ணாம்பு. கிணற்றடியில் பந்தல் தடி அடுக்கிக் கிடந்தது. ஒழுங்கையில் இறங்கினால் "என்ன சம்பந்தியார்" என்று சைக்கிளை நிற்பாட்டுகிறார்கள். மச்சான் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் மண்டபம் காட்டினார். அளவெட்டியில் மேளம் பேசினதைச் சொன்னார். அந்தக் கோஷ்டி ஆவணியில் கிடைப்பது கஷ்டமாம், தெரிஞ்ச ஆளைப் பிடித்துத்தான் எடுத்தாராம். நான் ஓம், ஓம் என்று கேட்டேன். வேலை செய்கிற மண்டபத்துக் கோடு இங்கேயும் என்னைச் சுற்றிக் கிடந்தது போல இருந்தது. எந்தப் பக்கம் கால் வைத்தாலும் கத்தும்.

மயூரனுடைய அறைக்குள் ஒருக்கால் போனேன். சுவர் முழுக்க என்னுடைய காட். வரிசையாக ஒட்டியிருந்தான். மஞ்சள் நடுவில். அவன் கட்டிலில் இருந்து எழும்பினான்.

"கறுப்பைத்தான் அம்மா ஒட்ட விடேல்லை மாமா. அதுதான் எல்லாத்திலும் திறமான படம். அலுமாரிக்குள்ளை வைச்சிருக்கிறன்."

அந்தக் காட்டுகளை ஒரு மனுசன் படமாகப் பார்த்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

6

திவசம் முடிந்து, ஐயரும் போய், இலையெல்லாம் எடுத்த பிறகு சொன்னேன். தங்கச்சி இராச் சாப்பாட்டுச் சம்பலுக்குத் திருவலையில் இருந்து தேங்காய் திருவினாள். வேறு ஒருவரும் குசினியில் இல்லை.

"தவம், இந்தக் கல்யாணம் நடக்காது."

அவளுடைய திருவலை நிற்கவில்லை. "ஏன்?"

"அபிக்கு விருப்பமில்லை."

"அப்ப ஏன் மஞ்சள் அனுப்பினனீங்கள்?"

"அது மஞ்சள் எண்டு அனுப்பேல்லை. பெட்டியிலை அது ஒண்டுதான் கிடந்தது. எடுத்தன். அனுப்பினன்."

திருவலை நின்றது.

"அப்ப அதிலை ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லை."

கையில் ஒட்டின தேங்காய்ப்பூவைத் தட்டினாள். என்னைப் பார்க்கவில்லை.

"மயூரன் சோதினை பாஸ் பண்ணின மாசம் நீலம் வந்தது. அது?"

"அதுவும் பெட்டியிலை கிடந்ததுதான்."

"இவருக்கு நெஞ்சுநோ வந்து ஆஸ்பத்திரியிலை வைச்சிருந்தம். அப்ப பச்சை வந்தது. நான் அதைக் கட்டிலுக்குப் பக்கத்திலை கொண்டுபோய் வைச்சனான். அண்ணை பச்சை அனுப்பியிருக்கிறார், ஒண்டும் செய்யாது எண்டு சொன்னனான்."

எனக்கு அது தெரியாது. மச்சானுக்கு நெஞ்சுநோ வந்ததை எனக்கு அவள் சொல்லவே இல்லை.

"அம்மாவின்ரை முப்பத்தொராம் நாள் அந்திரட்டிக்கு வெள்ளை வந்தது."

"அது நான் பாத்து எடுத்தது," என்றேன். "அதுக்காகக் கடையிலை மடியாத காட் ஒண்டு வாங்கினன்."

அது உண்மை. கறுப்புக்குப் பிறகு அது ஒன்றுதான் பார்த்து எடுத்தது. முழு வெள்ளை. கிட்டப் பார்த்தால்தான் உள்ளே இன்னொரு வெள்ளை தெரியும்.

தங்கச்சி சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"இப்ப நான் உதை என்னண்டு நம்புறது? சொல்லுங்கோ. இவ்வளவு வருசமும் நான் இருந்து வாசிச்சது ஒண்டுமில்லாததையோ?"

"சுகம் எண்டு எழுதினன்தானே."

"அதை ஆர் பாத்தது?"

திருவலையை மடித்துச் சுவரில் சாத்தினாள். எழும்பினாள்.

"நானும் அவரும் வீடு வீடாப் போனனாங்கள். ஆடி பிறக்க முதல் குடுத்து முடிக்கவேணும் எண்டு வெயிலுக்குள்ளை திரிஞ்சனாங்கள். ஒவ்வொரு வீட்டிலும் இருந்து வாயாலை சொல்லித்தான் குடுத்தது. அண்ணை அங்கை இருக்கிறார், அவருக்காகவும் நாங்கள்தான் சொல்லுறம், கட்டாயம் வரவேணும் எண்டு. இனி நீங்கள் போங்கோ. இல்லையெண்டு நீங்களே வாயாலை சொல்லுங்கோ. ஃபோனிலை இல்லை. காட்டிலை இல்லை. எல்லா வீடும் முடிச்சிட்டு வந்து என்னோடை கதையுங்கோ."

"எத்தினை வீடு?"

அவள் போய்விட்டாள்.

கதவுக்கு வெளியில் மயூரன் நின்றான். எல்லாம் கேட்டிருக்கிறான்.

"நூற்றி நாப்பத்திரண்டு மாமா," என்றான். "உங்களுக்கு வீடுகள் தெரியாது. நான் ஏத்திக்கொண்டு போறன்."

"நீ வேண்டாம்."

"ஏன்? கார்க்காரனைப் பிடிச்சால் அவன் உள்ளுக்கை வந்திருந்து கதை கேப்பான். நான் படலையிலை நிப்பன்."

7

இப்படித்தான் என்னுடைய மகளைக் கட்ட இருந்த பெடியனின் மோட்டச்சைக்கிளில், பின்னால் இருந்து, கல்யாணம் இல்லை என்று சொல்லப் போகிறேன்.

முதல் வீட்டில் எனக்கு வாய் வரவில்லை. பெண்வீட்டாராகக் கல்யாணத்துக்கு அழைக்க வந்தேன் என்று நினைத்தார்கள். கதிரை போட்டார்கள். சோடா உடைத்தார்கள். சோடா முடிந்தது. இரண்டாவது சோடா உடைக்கப் போனார்கள். அந்தப் பயத்தில்தான் சொன்னேன்.

"கல்யாணம் நிண்டுபோச்சு. வரவேண்டாம் எண்டு சொல்ல வந்தனான்."

வீட்டுக்காரர் மூடியைக் கழற்றாமல் போத்திலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

எல்லா வீட்டிலும் கேள்வி ஒரே வரிசையில் வரும்.

"பெட்டை ஆரோடையும் ஓடிப்போட்டாளோ? வெள்ளைக்காரனோடையோ?"

"இல்லை."

"பெடியனிலை ஏதும்?"

"இல்லை. நல்ல பெடியன்."

"அப்ப?"

"நான் அனுப்பின காட் பிழைச்சுப் போச்சு."

இதற்குப் பிறகு கேட்க அவர்களுக்குத் தெரியாது. உள்ளே போய்க் கல்யாணக் காட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், பிழை அதில் எங்கேயோ அடித்திருக்கிறது என்பது போல.

ஒரு வீட்டில், கோயில் கொடி மாதிரி இருக்கு, கிழிக்கக் கூடாது என்று சாமித்தட்டில் திரும்ப வைத்தார்கள். ஒரு வீட்டில் அரிசியில் கல் பொறுக்கி அதன் மேல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்னதும் எடுத்துத் தட்டித் தந்தார்கள்.

அளவெட்டியில் மேளக்காரர் கோபப்பட்டார். "அண்டைக்கு எத்தினை பேரைத் திருப்பினன் தெரியுமோ? வடிவான காட் எண்டு நம்பினன்." கோபம் அடங்கினதும் தேத்தண்ணி தந்தார். "உங்களுக்கு விசரோ தம்பி? பொம்பிளைப்பிள்ளைக்கு வேண்டாமெண்டால் ஒரு சொல்லு. அந்த ஒரு சொல்லுக்கு ஏன் இந்தப் பாடு?"

 தேத்தண்ணியைக் குடித்தேன்.

குருநகரில் மச்சானுடைய சிநேகிதர் ஒருவர். மீன் வியாபாரி. புதுச் சேட் தைத்து வைத்திருந்தார். கொண்டுவந்து காட்டினார். "இதை இனி மார்கழியிலை நத்தார்ப் பூசைக்குத்தான் போடவேணும்," என்றார். காட்டைத் திருப்பித் தரமாட்டேன் என்றார். "உது எங்கடை கடல். பின்னேரம் ஆறு மணி. தலைகீழாப் பிடிச்சுப் பாருங்கோ." பிடித்தேன். பிள்ளையார் தலைகீழாக நின்றார். அவருக்கு அது ஒரு கரைச்சலாகப் படவில்லை.

படலைக்கு வந்தால் மயூரன் மோட்டச்சைக்கிளில் இருப்பான். "முடிஞ்சுதோ?" என்பான். "ஓம்." "என்ன சொன்னவை?" "கடல் எண்டினம்." சிரிப்பான்.

ஒரு நாள் திரும்பி வரும்போது கேட்டேன். காற்றில் கத்தித்தான் கேட்க வேண்டும்.

"உனக்கு விருப்பமா இருந்ததோ?"

கொஞ்சத் தூரம் ஓட்டினான்.

"இருந்தது மாமா."

 மிச்சத் தூரம் பள்ளம் வந்தால் மட்டும் "பிடியுங்கோ" என்பான்.

பிறகு வீட்டுப் படலையடியில் நான் கேட்டேன், "அந்த மஞ்சளைச் சுவரிலை இருந்து எடுத்திட்டியோ?"

"ஏன் எடுக்கவேணும்? படம் என்ன செய்தது?"

8

இதை மத்தியானங்களில் எழுதுகிறேன். வெயில் நேரம் வீடுகளுக்குப் போக ஏலாது. எல்லாரும் படுத்திருப்பார்கள்.

அபி வரவில்லை. நான் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். "நன்றி அப்பா," என்றாள். குரல் அழுதது போல இருந்தது. பிறகு, மாமி என்ன சொன்னவ என்று கேட்டாள். கதைக்கிறேல்லை என்றேன். "நான் கதைக்கவோ?" என்றாள். "இப்ப வேண்டாம், இப்ப வரவும் வேண்டாம். கதைக்கேக்குள்ளை நீங்கள் எண்டு சொல்லு," என்றேன்.

என்னுடைய லீவு முடிகிறது. வேலையிடத்துக்கு ஃபோன் எடுத்து லீவை நீட்டக் கேட்டேன். கந்தோரில் இருக்கிற பெண் காரணம் கேட்டா. கல்யாணம் என்றேன். யாருடைய கல்யாணம் என்றா. மகளுடையது என்றேன். வாழ்த்துச் சொன்னா. இல்லை, நடக்காத கல்யாணம் என்று டொச்சில் சொல்லப் பார்த்தேன். அவவுக்கு விளங்க மூன்று தரம் சொல்ல வேண்டி வந்தது. கல்யாணத்துக்கு லீவு இருக்கிறது, சாவுக்கு இருக்கிறது, வீடு மாறுவதற்கும் இருக்கிறது. நடக்காத கல்யாணத்துக்கு இல்லையாம். சம்பளம் இல்லாமல் எடுக்கலாம், ஆனால் அந்த இரண்டு மண்டபத்துக்கும் வேறு ஆளைப் போடுவார்களாம். திரும்பி வந்தால் எந்த இடம் என்று சொல்ல ஏலாதாம்.

ஓம் என்றேன்.

மனுசி நேற்றுப் போய்விட்டா. பலாலி ஏர்போட்டுக்கு மச்சான்தான் கொண்டுபோய் விட்டார். அவர் என்னோடு கதைக்கிறார். தோட்டம், தண்ணி, வெங்காயம். மண்டபத்துக்காரனுக்கு அவரே சொல்லிவிட்டார். பந்தல் தடியை ஆட்கள் வந்து ஏற்றினார்கள். நான் ஒரு பக்கம் பிடித்தேன்.

முந்தி அந்த நாட்டை விட்டு வெளியே வர ஏலாமல் இருந்தேன். இப்போது கையில் பாஸ்போட் இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது. இந்த வீட்டைவிட்டுப் போக ஏலவில்லை.

காலமை மயூரன் அலுமாரியில் இருந்த கறுப்புக் காட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "இதுக்கு ஏதும் இருந்ததோ மாமா? இல்லை, இதுவும் பெட்டியோ?" என்றான். பகிடியாகத்தான் கேட்டான்.

"பெட்டிதான். ஆனால் பெட்டியிலை வேறையும் கிடந்தது. இதை எடுத்தன்."

"ஏன்?"

யோசித்தேன்.

"அதுக்கு முன்னாலைதான் நான் நாரி நிமித்துறது."

அவன் தலையாட்டினான். தங்கச்சி குசினிக்குள் நின்றாள். கேட்டிருக்கும். குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பானை கழுவுகிற சத்தம் நின்றது. பிறகு திரும்பத் தொடங்கியது.

இப்போது வெயில் சாய்கிறது. மயூரன் மோட்டச்சைக்கிளை வெளியில் எடுக்கிறான். இன்றைக்குச் சங்கானைப் பக்கம்.

தங்கச்சி வந்தாள். தேத்தண்ணிக் கோப்பையை எனக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு துண்டு பனங்கட்டியும் வைத்தாள். கதைக்கவில்லை. போய்விட்டாள்.

மிச்சம் தொண்ணூற்றேழு வீடு.